சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் கனடாவின் பேட்ரிக் ஆண்டர்சன் 4.5 பாயின்டர். மீதி 9.5-ல் நாலு பேரை இறக்குவது எப்படி?

மூன்றாம்_குவார்ட்டர்:
2012 லண்டன் பாராலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கனடா 64, ஆஸ்திரேலியா 58. அந்த 64-ல் 34 புள்ளி ஆண்டர்சனுடையது. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர், வகைப்பாடு 4.5 (உடல் இயக்கத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை தரும் புள்ளி; இயக்கம் கூடக் கூடப் புள்ளியும் கூடும்). களத்தில் ஐந்து பேரின் கூட்டு 14-ஐத் தாண்டக் கூடாது என்பதால் பெரும்பாலும் 1.0 மாதிரி குறைந்த புள்ளி ஆட்டக்காரர் ஒருவரையும் இறக்குகிறார்கள். அவர் அதிகம் ஷூட் பண்ணுவதில்லை. அணிக்கு அவரால் என்ன லாபம்?

வளையம்305:
நிறைய லாபம். நடந்து ஆடும் கூடைப்பந்தில் பிக் (எதிராளியின் பாதையை மறித்து நிற்பது) வைத்தால் பக்கவாட்டில் ஓரடி வைத்து நழுவிவிடலாம். நாற்காலி பக்கவாட்டில் நகராது. பின்வாங்கி, திரும்பி, சுற்றித்தான் வர வேண்டும். பந்து கைமாறிய நொடியில் லோ பாயின்டர், அதாவது அந்த 1.0 ஆட்டக்காரர், எதிரணியின் 4.5-க்குக் குறுக்கே போய் அவரை அந்த முனையிலேயே அடைத்துவிடுவார். இதுதான் பேக்-பிக். மறுமுனையில் நாலுக்கு நாலு. ஆனால் அவர்கள் இழந்தது 4.5, நாம் கொடுத்தது 1.0! ஆண்டர்சன் மாதிரி ஒருவருக்கு அந்த இடைவெளி போதும். பாதையை முழுசாகப் பிடிப்பதற்குள் அவசரப்பட்டு வெட்டினால் மட்டும் ஃபவுல் லோ பாயின்டர்மேல் விழும்.

கூட்டு: 4.5 + 3.5 + 3 + 2 + 1, அல்லது 4.5 + 4 + 2.5 + 2 + 1. மாற்று ஆட்டக்காரரை இறக்கும்போதுதான் சறுக்கும். 1.0-ஐ எடுத்துவிட்டு 2.0-ஐ விட்டால் 15. பயிற்சியாளருக்கு டெக்னிக்கல் ஃபவுல். அதனால் இரண்டு பேராக மாற்றுவார்கள்.

கேம்பர்_18:
நாற்காலியும் ஆளுக்கு ஆள் வேறு. 1.0-க்கு உடற்பகுதியில் பிடிமானம் இல்லை. இருக்கையின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, முழங்காலை உயர்த்தி உட்கார வைப்பார்கள். ஒரு கை சக்கரத்தில், மறு கையால் பாஸ். இருக்கை உயரம் 1.0 முதல் 3.0 வரை உள்ளவர்களுக்கு 63 செ.மீ. வரை, 3.5 முதல் 4.5 வரை உள்ளவர்களுக்கு 58 செ.மீ. வரைதான். 4.5 ஆட்டக்காரர் அந்த 58-ஐ முழுசாகப் பயன்படுத்துவார். இடுப்பில் பட்டையை இறுக்கி, ஒரு சக்கரத்தைத் தூக்கிச் சாய்ந்து ஷூட் செய்வதும் அவரால் முடியும். அது விதிக்கு உட்பட்டது. இருக்கையை விட்டு எழும்பினால்தான் டெக்னிக்கல்.

பின்சக்கரச் சரிவு 15 முதல் 20 டிகிரி. காஸ்டர் (முன்பக்கச் சிறு சக்கரம்) உயரத்தை மாற்றினால் கேம்பர் குழாய் (பின்சக்கரங்களைச் சரிவாகப் பிடித்திருக்கும் குழாய்) லேசாகச் சுழன்று சக்கரங்கள் இணையாக நிற்காது. பிரேக் பிடித்தபடி தள்ளுவது போல இழுக்கும். ஆக்ஸில் (சக்கர அச்சு) உயரத்தில், இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாம்_குவார்ட்டர்:
தெளிவாகிவிட்டது, நன்றி. 2000-ல் சிட்னியில் தங்கம் வென்ற ஆண்டர்சன் 2024 பாரிஸிலும் ஆடினாரே, தோள் எப்படித் தாங்குகிறது?

வளையம்305:
இடையில் விலகியிருந்ததும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்; 2008-க்குப் பிறகு ஒதுங்கி, 2012 லண்டன் ஆட்டங்களுக்குத் திரும்பினார். பொதுவாகத் தோளைக் கெடுப்பது குட்டித் தள்ளல்கள். சக்கரத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கைக் கோணம் (மேல்கைக்கும் முன்கைக்கும் இடையில்) 100 முதல் 120 டிகிரி இருக்க வேண்டும். இருக்கை அதைவிட உயர்ந்தால் கைக்குச் சக்கரம் எட்டுவது குறையும், தள்ளும் எண்ணிக்கை கூடும். ஜிம்மில் தள்ளும் பயிற்சியைவிட இழுக்கும் பயிற்சி, ரோயிங் மாதிரி, அதிகம் இருக்கட்டும். தள்ளும் வேலை களத்திலேயே போதுமான அளவு நடந்துவிடுகிறது.