150-600 லென்ஸா, சிங்கராஜ – மன்னார் பயணமா?

டிக்கோயா வாசி

எல்லாருக்கும் வணக்கம். கையில இருக்கிறது கனொன் 200டி கமரா, அதோட 70-300 லென்ஸ், கை நடுக்கத்தைக் குறைக்கிற ஐஎஸ் வசதியோட, இரண்டாம் மாடல். சீட்டு எடுத்த காசு கொஞ்சம் இருக்கு. அதுல ஒன்றைத்தான் செய்யலாம். பாவித்த சிக்மா 150-600 கன்டெம்பரரி வாங்கலாம், இல்லாட்டி ஜனவரியில சிங்கராஜக் காடும் மன்னாரும் ஒரு சுற்றுப் போய் வரலாம். இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட சமம்.

குருவி படத்தில சின்னதாத்தான் விழுது. வெட்டிப் பெரிசாக்கினா தெளிவில்லை. லென்ஸ் எட்டுற 300 மி.மீ. போதாதுன்னுதான் தோணுது. ஆனா இருக்கிற சல்லியை எல்லாம் லென்ஸ்ல போட்டுட்டு, அதை எடுத்துக்கிட்டு எங்கேயும் போக முடியாம இருந்தா என்ன பிரயோசனம்? எடுக்க விருப்பம் காட்டுக்குருவிகள், அதிலயும் நம்ம இலங்கைக்கே உரியவை. பூநாரையும் எடுக்க ஆசை. எதைச் செய்யலாம்?

பட்டிப்பொல

தம்பி, சிங்கராஜவையும் மன்னாரையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டீங்க. முதல்ல அதை அவிழ்க்கணும். சிங்கராஜவில பற்றாக்குறை வெளிச்சத்துக்கு. மன்னாரில வெளிச்சம் கொட்டிக் கிடக்கு, கிட்டப் போகத்தான் வழியில்லை. அந்த லென்ஸ் ஒன்றுக்கு மருந்து, மற்றதுக்கு இல்லை.

"சின்னதா விழுது"ன்னு சொன்னதுக்கு ஒரு கணக்கு. 10 சென்ரிமீற்றர் குருவி 8 மீற்றரில நிக்குதுன்னு வைங்க. 300-ல அது சென்சரில, அதாவது கமராவுக்குள்ள படம் பதியிற தகட்டில, விழுற நீளம் 3.75 மி.மீ. 200டி சென்சர் 22.3 மி.மீ. அகலம், அதுல 6000 பிக்சல். அப்ப குருவிக்குக் கிடைக்கிறது கிட்டத்தட்ட 1000 பிக்சல். 600-ல 2000. அதே 300-ஓட 4 மீற்றருக்குப் போனாலும் 2000தான். காட்டில 4 மீற்றர் என்பது நடக்கிற காரியம். பல இனக் குருவிகள் சேர்ந்து திரியிற கலப்புக் கூட்டம் வரும்போது துரத்தாம, அது போற திசையில முந்திப் போய் பாதையோரத்தில குந்திக்கிட்டா அதுவே நம்ம பக்கம் வரும். செவ்வலகுச் சிலம்பன்கள் போடுற இரைச்சல் முதல்ல கேட்கும், கொண்டைக் கரிச்சானும் கூட வரும். மற்றதெல்லாம் அவற்றோட சேர்ந்துதான் நகரும்.

இப்ப வெளிச்சம். மரக்கூரைக்குக் கீழே காலை எட்டு மணிக்கும் 300-ல துவாரம் எஃப் 5.6, ஷட்டர் 1/125 செக்கன், ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200 என்று வந்து நிக்கும். 600-ல கை நடுக்கம் இரட்டிப்பாத் தெரியும், அதனால 1/250 வேணும். துவாரமும் சுருங்கி எஃப் 6.3 ஆகிடும். இரண்டையும் சேர்த்தா அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 8000. 200டி-யில 3200 வரைக்கும் சிறகின் கோடுகள் நிக்கும், 8000-ல கழுத்தும் நெஞ்சும் மெழுகு பூசின மாதிரி ஆகிடும். ஐஎஸ் இருக்கேன்னு கேட்கலாம். அது உங்க கையைத்தான் பிடிக்கும், குருவி தலையைத் திருப்புறதைப் பிடிக்காது.

மல்கோஹா என்கிற குயில் இனம் விதிவிலக்கு. அது உச்சியிலதான் திரியும், அதுக்கு 300 போதாது. நீல மேக்பைக்குத் தாராளமாப் போதும், சிங்கராஜவின் குடாவ வாசல் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தடியில மனிசருக்குப் பழகினவை வரும்.

மன்னாரில கதையே வேற. வங்காலையில பூநாரைக் கூட்டம் சேற்றுக்கு அந்தப் பக்கம் நிக்கும். 300-ல எடுத்தா வெள்ளைப் புள்ளிகள்தான். 600 இருந்தாலும் ஒன்பது மணி தாண்டினா உப்புத்தரையில கானல் எழும்பி கால்கள் எல்லாம் நெளியும். அது ஃபோகஸ் பிழைன்னு நினைச்சு லென்ஸைத் திட்டுறவங்க நிறைய. விடிஞ்சதுல இருந்து ஒரு இரண்டு மணித்தியாலம், பிறகு பின்னேரம் நாலரைக்கு மேல. நடுப்பகல்ல கமராவைப் பைக்குள்ள வைங்க.

அதனால என் யோசனை: 70-300 கையில இருக்கும்போது மன்னாருக்குச் செலவழிக்காதீங்க. காட்டுக்குப் போங்க, அதுலயும் முதல்ல சிங்கராஜ இல்லை, கித்துல்கல. டிக்கோயாவில இருந்து ஹட்டனுக்கு வந்து கொழும்பு பஸ் ஏறினா வழியிலேயே இறங்கலாம். களனி கங்கையைத் தாண்டினா மக்கந்தாவக் காடு. தவளைவாயன், புள்ளிச்சிறகுப் பூங்குருவி எல்லாம் அங்கேயும் உண்டு. 2004-ல புது இனமா விவரிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தையின் குரல் முதல்ல பதிவானதே கித்துல்கலயிலதான். சிங்கராஜவுக்கு வழிகாட்டி கட்டாயம், தங்கும் செலவும் சேரும். அதே காசுக்கு கித்துல்கலவுக்குப் பலமுறை போகலாம். குருவிப் படத்துக்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போறதுதான் பலன் தரும்.

ஊவா காற்று

பட்டிப்பொல அண்ணன் சொன்னதுல பாதிதான் எனக்குச் சம்மதம். மலையில எல்லாக் குருவியும் காட்டுக்குள்ளேயா இருக்கு? தேயிலை மலையில நிழல் மர உச்சி, முள்முருங்கை பூக்கிற காலம், ஆற்றோரம் எல்லாம் திறந்த வெளிச்சம். இலங்கைக் காட்டுப்புறா, லயார்ட் கிளி, மலை வெள்ளைக்கண்ணி எல்லாம் உயரத்தில உட்கார்றவை. 4 மீற்றருக்குப் போங்கன்னா ஏணி வைக்கணும். வாசல்லயே இவ்வளவு இருக்கிறவருக்கு லென்ஸ் வீண் செலவு இல்லை.

ஆனா வாங்குறதுக்கு முன்னால மூன்று விசயம்.

சிக்மா 1.9 கிலோ. உங்க 70-300 எழுநூறு கிராம்தான். கையில பிடிச்சு எடுக்கலாம், பத்து நிமிசம். பிறகு முன்பக்கம் தாழும், படமெல்லாம் குருவியின் தலைப்பக்கமா வெட்டுப்படும். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று இல்லாம அந்த லென்ஸ் முழுசா வேலை செய்யாது, அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்க. வேனுக்குள்ள இருந்து எடுக்கிறதுன்னா லென்ஸைத் தாங்க ஒரு பை போதும்: பழைய டெனிம் காற்சட்டைக் கால் ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் தைச்சு ஸிப் வைங்க. வெறுமையாக் கொண்டு போய், போற இடத்துக் கடையில ஒன்றரைக் கிலோ பயறு வாங்கி நிரப்புங்க. வரும்போது அந்தப் பயறைச் சமைக்கலாம். நிரப்பினபடியே வீட்டில வைச்சா நம்ம ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும், பிறகு அது லென்ஸுக்கும் வரும்.

இரண்டாவது, மூடுபனி. 600-ல குருவிக்கும் உங்களுக்கும் இடையில உள்ள பனி முழுக்கப் படத்தில சேரும். 30 மீற்றருக்கு அப்பால சாம்பல் சுவர்தான், எந்த லென்ஸும் அதைத் துளைக்காது. பனியில ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். பக்கத்தில உள்ள கிளை ஒன்றில முதல்ல பிடிச்சு வைச்சுக்குங்க. கமராவில வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) +2/3 இல் இருந்து +1 வரை கூட்டுங்க, இல்லாட்டி குருவி கரிக்கட்டைதான். வெள்ளை வானத்துக்கு முன்னால உச்சிக் கிளையில இருக்கிற குருவிக்கும் அதே வைத்தியம், இன்னும் கொஞ்சம் கூட. விசிலிங் த்ரஷ் மாதிரி கருநீலக் குருவி இருட்டுப் பாறையில நின்னா நேர் எதிர், -2/3.

மூன்றாவது, மழைக் காலம். சிக்மா கன்டெம்பரரியில கமராவோட பொருந்துற இடத்தில மட்டும்தான் தண்ணி புகாம தடுக்கிற ரப்பர் வளையம். 200டி-க்கு அதுவும் இல்லை. மே தொடங்கி செப்டெம்பர் வரை டிக்கோயாப் பக்கம் தென்மேற்கு மழை. அந்த நேரம் ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ஞ்சு கிடக்கும், ரயில் ஏறினா போச்சு. வடகீழ் மழைக்கு ஊவா நனையும், அப்ப நாங்க உங்க பக்கம் வரலாம். இதை அறிஞ்சு போனா "பயணம்" என்று தனியாச் சேர்த்து வைக்கத் தேவையில்லை.

பூநாரை ஆசை இருக்கேன்னா, கொழும்பில லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கிறாங்க. அடையாள அட்டைப் பிரதியும் முற்பணமும் கேட்பாங்க. மன்னாருக்குப் போற நாளுக்கு மட்டும் எடுக்கலாம். வாங்கலாமா வேணாமான்னு கையே சொல்லிடும்.

பட்டிப்பொல

வாடகை நல்ல யோசனை. உச்சியில உட்கார்ற புறாவுக்கு 300 போதாது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா தம்பி கேட்டதுல முதல் ஆசை காட்டுக்குருவி. அதுக்கு முன்னால செலவில்லாம செய்ய வேண்டியது இருக்கு.

200டி-யில 9 ஃபோகஸ் புள்ளி, நடுவில உள்ளதுதான் பலமானது. அதை மட்டும் வைச்சுக்குங்க. ஒன்பதையும் திறந்து விட்டா முன்னால உள்ள இலையைத்தான் பிடிக்கும். ஓடுற குருவியை விடாம ஃபோகஸ் பண்ணுற ஏஐ சேர்வோ போடுங்க. கஸ்டம் பங்ஷன்ல ஷட்டர் / ஏஈ லொக் பொத்தான் என்று ஒன்று இருக்கு, அதை 3-க்கு மாற்றினா நட்சத்திரப் பொத்தான்ல ஃபோகஸ், ஷட்டர்ல படம் மட்டும். குருவி நின்றா விரலை எடுங்க, ஓடினா அழுத்திப் பிடிங்க. பிறகு திருத்த வசதியான 'ரோ' கோப்பா எடுங்க, ஆனா தொடர்ந்து அழுத்தினா சில படத்திலேயே கமரா திணறி நிக்கும், சிறகை விரிக்கிற நேரம் பார்த்து. இரண்டு மூன்றாகத் தட்டுங்க.

இடமும் சொல்றேன். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஜனவரியில போங்க. காஷ்மீர் ஈப்பிடிப்பான், பைட் த்ரஷ், ஆறுமணிக்குருவி எல்லாம் குளிர்காலத்துக்கு அங்க வந்து இருக்கும். ஓரத்தில ஓடுற அழுக்கு ஓடைதான் இடம், மணம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்குங்க. குருவிகள் ஆட்களுக்குப் பழகினவை. முழங்கால் போட்டு கமராவைக் குருவியின் கண் மட்டத்துக்கு இறக்குங்க. நின்றபடி எடுத்தா பின்னால சேறும் பொலித்தீனும்தான் தெளிவா விழும்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனா மஞ்சள் காது கொண்டைக்குருவியும் நீல ஈப்பிடிப்பானும் பாதையோரத்திலேயே. விசிலிங் த்ரஷ் மட்டும் விடியலிலும் இருட்டும் நேரத்திலும்தான் ஓடையடிக்கு வரும். வாசல் ஆறு மணிக்குத்தான் திறக்கும், முதல் வண்டியா நிக்கணும். அந்த வெளிச்சத்தில 1/30, ஐஎஸ்ஓ 6400. கமராவை எதிலாவது சாத்தி வைச்சு, அது தலையை ஆட்டாம நிக்கிற கணத்துக்கு ஐந்தாறு தட்டினா ஒன்று தேறும். எங்கேயும் போனில குருவிக் குரல் போட்டுக் கூப்பிடாதீங்க. அதைக் கேட்கிற குருவி எதிரி வந்திருக்குன்னு நினைச்சு இரையை விட்டுட்டு வந்து அலையும்.

மழைச்சாரல்

எதை வாங்கினாலும் ஈரம் தின்றா ஒன்றும் மிஞ்சாது, அதைப் பற்றி யாரும் சொல்லல்லை.

கமராப் பையில வைச்சு அலுமாரிக்குள்ள பூட்டுறதுதான் மிக மோசம். பைத்துணி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், இருட்டும் இருக்கு, பூஞ்சைக்கு வேற என்ன வேணும்? ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. ஈரமானி 40க்கும் 50க்கும் நடுவில நிக்கணும். ஜெல் செம்மஞ்சள்ல இருந்து பச்சையானா சட்டியில மெல்லிய நெருப்பில மறுபடி நிறம் வரும்வரை புரட்டுங்க. நெருப்பு கூடினா வெடிச்சுத் தூளாகும். அரிசி போடுறவங்க இருக்காங்க, அந்த மாவு லென்ஸின் மடிப்புக்குள்ள போகும்.

கித்துல்கல போறதுன்னா இன்னொன்று. டிக்கோயாக் குளிர்ல இருந்து விடியக்காலம் கீழே இறங்கினா லென்ஸ் குளிராவே இருக்கும், அங்க காற்று சூடு, ஈரம். பையைத் திறந்த உடனே கண்ணாடி வேர்க்கும். கமராவை பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி, இறங்கி அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் திறங்க. வேர்வை பையின் வெளிப்பக்கம் படியும். ஏசி வேன்ல மன்னார் போனாலும் அதே. வேர்த்துட்டா துடைக்கவும் வேணாம், லென்ஸைக் கழற்றவும் வேணாம். கழற்றினா சென்சரும் வேர்க்கும்.

டிக்கோயா வாசி

எல்லாருக்கும் நன்றி. ஜனவரியில விக்டோரியா பூங்காவும் கித்துல்கலயும் 70-300-ஓடயே போறேன். மன்னாருக்கு வாடகை லென்ஸ். பிறகும் காசு மிஞ்சினா பாவித்த 150-600-ஐ எப்படிப் பரீட்சிக்கிறது? விற்கிறவர் "புதுசு மாதிரி"ன்னு சொல்றார்.

பட்டிப்பொல

டோர்ச்சைப் பின்பக்கமாப் பிடிச்சு முன்பக்கத்தால சரிச்சுப் பாருங்க. தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் ஓடினா பூஞ்சை, விலை குறைச்சாலும் எடுக்க வேணாம். 600-க்கு நீட்டி லேசா ஆட்டிப் பாருங்க, சின்ன ஆட்டம் சகஜம், டக் டக்குன்னு சத்தம் வரக்கூடாது.

பிறகு பத்திரிகைத் தாளைச் சுவரில ஒட்டி, ஸ்டாண்ட்ல வைச்சு, ஸ்டெபிலைசரை நிறுத்தி, 600-ல எஃப் 6.3-ல ஒரு படம், எஃப் 8-ல ஒரு படம். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலா இருந்தா சரி. ஒரு மூலை மட்டும் மங்கினா லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம். ஃபோகஸ் எல்லைச் சுவிட்சை 10 மீற்றருக்கு மேல், கீழ் இரண்டிலும் போட்டு, கிட்டவும் தூரவும் பிடிக்குதான்னு பாருங்க. வியூஃபைண்டர் வழியாவும், திரையில பார்த்து எடுக்கிற லைவ் வியூவிலயும் ஒரே தாளை எடுங்க. லைவ் வியூ மட்டும் தெளிவுன்னா ஃபோகஸ் முன்னோ பின்னோ விழுது. 200டி-யில அதைத் திருத்தும் வசதி இல்லை. லென்ஸைக் கணினியோட இணைக்கிற சிக்மாவின் யூஎஸ்பி டொக் இருந்தா லென்ஸிலேயே நாலு குவியத் தூரம், நாலு இடைவெளி என்று 16 இடத்தில திருத்தலாம். விற்கிறவர்கிட்ட அது இருந்தா சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்க.