கிழக்கு லண்டன் உறவுகள்: கழிவுநீரில் போலியோ, பிள்ளைகளுக்கு இன்னோர் ஊசி

2022 ஓகஸ்ட் 11, வியாழன்

கௌரி, மாலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் 1 வயது முதல் 9 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் மேலதிகமாக ஒரு போலியோ ஊசி போடவேண்டும் என்று நேற்று அறிவித்திருக்கிறார்கள். கிருமி அகப்பட்ட பெக்டன் கழிவுநீர் நிலையம் எங்கள் ஈஸ்ட்ஹாம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மகனுக்கு நான்கு வயது. போடவேண்டிய ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று. ஒருவருக்கும் நோய் வரவில்லை என்று அவர்களே சொல்லும்போது மறுபடியும் எதற்காகக் குத்தவேண்டும்? சுதா அக்கா, ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் நீங்கள்தான், விளக்கிச் சொல்லுங்கள்.

அம்மம்மா, மாலை 6.20
பேரன் எழுதித் தருகிறான். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் பிள்ளைகளே.

சுதா, மாலை 6.43
அம்மம்மா, குடிதண்ணீர் வேறு குழாயில், சுத்திகரிக்கப்பட்டுத்தான் வருகிறது; அதில் பயமில்லை. மலசலகூடத்துக்குப் போய்வந்தபின் சோப் போட்டுக் கை கழுவினால் போதும்.
கௌரி, நோயாளி ஒருவரும் இல்லாமலே கிருமி பரவக்கூடும் என்பதுதான் போலியோவின் குணம். போலியோக் கிருமியில் மூன்று வகைகள் உண்டு; வகை 1 தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கை கால் விளங்காமல் போகும். இப்போது லண்டனில் அகப்பட்டிருக்கும் வகை 2இல் அது இன்னும் குறைவு. மற்றவர்கள் லேசான காய்ச்சலோடு, அல்லது அதுகூட இல்லாமல், வாரக்கணக்கில் மலத்தோடு கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். வைத்தியசாலையில் முதல் பிள்ளை வந்து படுக்கும்வரை காத்திருந்தால், அதற்குள் கிருமி நூற்றுக்கணக்கானோரைக் கடந்து போயிருக்கும். அமெரிக்காவில் நியூயோர்க் அருகே ரொக்லண்ட் மாவட்டத்தில் அப்படித்தான் நடந்தது: கடந்த மாதம் தடுப்பூசி போடாத ஓர் இளைஞர் வாதத்தில் விழுந்த பிறகுதான் அங்குள்ள கழிவுநீரைத் தேடிப் பார்த்தார்கள், அதிலும் கிருமி இருந்தது. அதன் மரபணு லண்டன் கிருமியோடு உறவுடையதாம்.
பெக்டனில் போலியோவுக்காகச் சாக்கடை நீரைச் சோதிப்பது புதிய வேலை அல்ல. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கிய போலியோக் கிருமி. வெளிநாட்டில் அதைக் குடித்துவந்த யாரோ ஒருவரின் உடலிலிருந்து வந்த தடுப்பூசிக் கிருமி ஆண்டில் ஓரிரு முறை அகப்படும், அடுத்த மாதிரியில் அது இருக்காது, விஷயம் அத்தோடு முடிந்துவிடும். இம்முறை முடியவில்லை. பெப்ரவரி 8 முதல் யூலை 5 வரை லண்டனில் எடுத்த 19 மாதிரிகளிலிருந்து 116 கிருமிகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பழைய தடுப்பூசிக் கிருமியை ஒத்தவைதான் என்றாலும், சிலவற்றின் மரபணுவில் கூடுதலான மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆளிலிருந்து ஆளுக்குத் தாவிக்கொண்டிருந்தால் அப்படிச் சேரும்.

ரஜீவன், மாலை 6.58
நான் ஊசிக்கு எதிரானவன் அல்லன். ஆனால் நாங்கள் கழிப்பதைக்கூட எடுத்துச் சோதிக்கிறார்கள் என்றால், நாளைக்கு எந்த வீட்டில் யார் என்ன மாத்திரை விழுங்குகிறார் என்று பார்க்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சுதா, இரவு 7.15
ரஜீவன், பெக்டனுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பேரின் கழிவுநீர் வருகிறது. அதில் ஒரு போத்தல் எடுத்து, இது ஈஸ்ட்ஹாமில் இன்னார் வீட்டுக் கிருமி என்று எவராலும் சொல்ல முடியாது. அதுவே இந்த முறையின் பலவீனமும்கூட. அதனால்தான் இப்போது மேலே ஏறி, கிளைக் குழாய்களில் தனித்தனியாக மாதிரி எடுத்து, பார்னெட், ஹக்னி, ஹாரிங்கே என்று பகுதி பகுதியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் அந்தப் பட்டியலில் இல்லை, கௌரி.
ஆனால் ரஜீவன், உன் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். குழாய் சிறிதாகச் சிறிதாக ஆளை நெருங்கலாம். 2020 ஓகஸ்டில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதியின் கழிவுநீரில் கொரோனா தெரிந்தவுடன், அங்கிருந்த 311 பேரையும் சோதித்து, அறிகுறியே இல்லாத இருவரைக் கண்டுபிடித்தார்கள். அது நல்லதற்குத்தான் நடந்தது. இருந்தாலும், எத்தனை பேருக்குக் கீழே மாதிரி எடுக்கக்கூடாது என்று ஒரு கோடு கிழிப்பது அவசியம் என்றே நானும் நினைக்கிறேன்.

நகுலன் மாமா, இரவு 7.22
எல்லோரும் ஒழுங்கான தமிழில் எழுதுவதைப் பார்க்க மகிழ்ச்சி, பிள்ளைகள் வாசிக்கிறார்கள். எனக்கொரு சந்தேகம். லண்டனில் மழைநீரும் ஒரே குழாயில்தானே போகிறது? ஒரு நாள் கொட்டினால் கிருமி கரைந்து கணக்குப் பிழைக்காதா?

சுதா, இரவு 7.34
பிழைக்கும், மாமா. போலியோவில் எவ்வளவு என்பதைவிட, தொடர்ந்து வருகிறதா, ஒன்றுக்கொன்று உறவா என்பதே முக்கியம் என்பதால் அது அவ்வளவாகப் பாதிக்காது. கொரோனாவில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவேண்டியிருப்பதால் திருத்தம் செய்வார்கள். அதற்குச் சில ஆய்வுகூடங்கள் எதை அளக்கின்றன தெரியுமா? மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸை! குடைமிளகாய், மிளகாய்ச் சோஸ் என்று மனிதர் தின்னும் எல்லாவற்றின் வழியாகவும் அது வயிற்றைக் கடந்து வருவதால், அந்த நீரில் மனிதக் கழிவு எவ்வளவு என்பதற்கு அது அளவுகோலாகிறது. எங்கள் வீட்டுக் குழாயை மட்டும் அளந்தால் கருவி திணறிவிடும்.
இங்கிலாந்தில் கொரோனாவுக்காக நடந்த கழிவுநீர்க் கண்காணிப்பை இந்த மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது கைவிளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நடப்பதாகவே படுகிறது.

வாணி, இரவு 7.50
நான் கேட்பதைத் தவறாக எடுக்கவேண்டாம். வெளிநாட்டில் சொட்டு மருந்து குடித்து வந்தவர்களால்தான் இது வந்தது என்று ஒரு பெண்மணி என் முகத்துக்கு நேரே சொன்னார். என் மகள் கடந்த ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வருவதற்குச் சற்று முன்னர்தான் சொட்டு மருந்து குடித்தாள். எங்களாலா?

சுதா, இரவு 7.56
இல்லை, வாணி. உறுதியாக இல்லை. இங்கே அகப்பட்டிருப்பது வகை 2. வழக்கமான சொட்டு மருந்திலிருந்து வகை 2ஐ 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் நீக்கிவிட்டார்கள். தொற்று வெடித்த சில நாடுகளில் மட்டுமே அதைத் தனியாகக் கொடுக்கிறார்கள். உன் மகள் குடித்ததில் 1உம் 3உம்தான் இருந்தன. அந்தப் பெண்மணிக்கு இதை நீ தாராளமாகச் சொல்லலாம்.

நகுலன் மாமா, இரவு 8.04
இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். போர் நடந்த காலத்திலும் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகளை நிறுத்திய நாட்கள் எங்கள் ஊருக்கு உண்டு. அதையும் சேர்த்துச் சொல், வாணி.

கௌரி, இரவு 8.10
அப்படியென்றால், எல்லா ஊசியும் போட்ட என் மகன்?

சுதா, இரவு 8.19
அவனுக்கு வாதம் வராமல் அந்த ஊசிகள் காக்கும். ஆனால் இங்கே போடும் செயலிழந்த கிருமி ஊசி, குடலில் கிருமி தங்குவதைச் சொட்டு மருந்தளவுக்குத் தடுப்பதில்லை. அவன் ஓடியாடிக்கொண்டே பிறருக்குக் கொடுத்துவிடலாம். லண்டனில் தடுப்பூசி குறைவாகப் போட்ட பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். யாரிடம் கிருமி இருக்கிறது என்று சாக்கடை சொல்லாததால்தான், ஏறத்தாழ பத்து இலட்சம் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள்.

கௌரி, இரவு 8.25
குடும்ப வைத்தியரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தவுடன் பதிந்துவிடுகிறேன். வாணி, உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, ஒன்றாகப் போவோம். அவனுடைய சிவப்புப் புத்தகத்தை நான் எடுத்து வைக்கிறேன், நீ ஊரில் தந்த ஊசி அட்டையைக் கொண்டுவா.

அம்மம்மா, இரவு 8.31
போய்வந்து பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுங்கள். நான் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பேன்.