ரிக்கார்டோவின் துணி–ஒயின் கணக்கு: விகிதம் எங்கே நிற்கும்?

தொலைதூரக் கல்வியில் எம்.காம். இரண்டாம் ஆண்டு. பன்னாட்டு வணிகம் தாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டில் (தனக்கு ஒப்பீட்டளவில் மலிவாக வருவதை ஒவ்வொரு நாடும் செய்து, மற்றதை வாங்கிக்கொள்வது) ஒரே இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன்.

பொருளியலாளர் ரிக்கார்டோ 1817இல் தந்த அதே கணக்குதான். துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, ஒயினுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. ஆடம் ஸ்மித்தின் முழு நன்மை (குறைந்த உழைப்பில் செய்கிற நாடே செய்யட்டும் என்பது) இங்கே உதவாது என்பது வரை சரி, புரிந்தது.

வாய்ப்புச் செலவையும் (ஒன்றைச் செய்ய மற்றதில் எவ்வளவு விடவேண்டும் என்பது) போட்டுவிட்டேன். இங்கிலாந்தில் 1 துணி 0.83 ஒயினுக்குச் சமம், போர்ச்சுகலில் 1.125 ஒயினுக்கு. வர்த்தக விகிதம் (1 துணிக்கு எவ்வளவு ஒயின் மாறும் என்பது) இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். இங்கிலாந்து துணியையும் போர்ச்சுகல் ஒயினையும் மட்டும் செய்து 1க்கு 1 என்று மாற்றிக்கொண்டால் இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பு மிச்சம், போர்ச்சுகலுக்கு 10. விடைத்தாளும் இதையேதான் சொல்கிறது.

ஆனால் ஏன் 1க்கு 1? பாடப்புத்தகம் 'மில்லின் பரஸ்பரத் தேவை' (ஒரு நாட்டின் பொருளுக்கு மற்ற நாட்டில் உள்ள கிராக்கி) என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. மூன்று காணொளி பார்த்தேன், மூன்றும் அட்டவணையோடு நின்றுவிட்டன. வகுப்பெடுத்தவரைக் கேட்டேன். "அப்படியே எழுதுங்க, மார்க் வரும்" என்றார். மார்க் வரும்தான், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். எண்களை மாற்றிப் போட்டும் பார்த்தேன். எல்லை நகர்கிறது, நடுவில் எங்கே நிற்கும் என்பது மட்டும் பிடிபடவில்லை.

இங்கிலாந்தில் ஒயினுக்குக் கிராக்கி கூடினால் விகிதம் 0.83 பக்கம் போகுமா, 1.125 பக்கம் போகுமா, ஏன்?