சோற்றை அடியோடு நிறுத்த வேண்டுமா?

வைகைக்கரை:
நான்கு மாதமாகச் சோறு, இட்லி, பரோட்டா எதையும் தொடவில்லை. முட்டை, மீன், கீரைதான். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8.4 சதவீதத்திலிருந்து 6.7-க்கு இறங்கிவிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தாலும் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் முதலில் அரிசிப் பானையை இறக்கி வையுங்கள்.

மேலூர் வயல்காரன்:
தம்பி, உடம்பு தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுதாதீர்கள். எங்கள் வயலில் விடியற்காலையில் நாற்றுப் பறிக்க இறங்குகிறவர்கள் பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள்: நீர் ஊற்றிய பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அவர்களுக்குத் தினமும் மீன் யார் வாங்கித் தருவது? மாவுச்சத்து மொச்சையிலும் தட்டைப்பயறிலும்கூட இருக்கிறது. நார்ச்சத்து சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும். அதையும் மைதாவையும் ஒரே தராசில் வைக்கலாமா? சோறு வேண்டாமென்றால் உசிலம்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலிக்கு மாறச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
குதிரைவாலியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், அண்ணா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2025-இல் வெளியானது. நம் நாட்டார் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாறுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்கிறது.

மேலூர் வயல்காரன்:
குதிரைவாலி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வு, கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றினாலே ஆபத்து குறைவதாகக் காட்டுகிறது. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டிப் பருப்பு. பானையை ஏன் இறக்க வேண்டும்?

செல்லூர் மகள்:
இப்படி ஒரு பேச்சைக் கேட்டுத்தான் என் அப்பா சோற்றை நிறுத்தினார். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கினார். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றவருக்குச் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, என் பெயரே வாயில் வரவில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையை இறக்கும். வைகைக்கரை, இதை ஏன் எழுதவில்லை?

வைகைக்கரை:
எழுதியிருக்க வேண்டும், சகோதரி. சோற்றை நிறுத்திய அன்றே மருத்துவர் என் மாத்திரையைப் பாதியாக்கினார். முதல் பதிவின் முதல் வரியில் இப்போதே அதைச் சேர்க்கிறேன். எனக்குச் சோறு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.