வளைந்த எஃகு பாலம்: கிராஸ் ஃபிரேம் இடைவெளியைக் கூட்டலாமா?

கேள்வி (கர்டர்_150):
ஒற்றை ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையேயான நீளம்) 45 மீ, வளைவின் ஆரம் 150 மீ, 2 மீ ஆழமுள்ள நான்கு ஐ-கர்டர்கள் (I வடிவ எஃகு உத்திரங்கள்), ஆஷ்டோ (அமெரிக்கப் பால வடிவமைப்பு) விதிப்படி. ஒவ்வொன்றையும் நேர் கர்டராகக் கணக்கிட்டால் போதுமா? கர்டர்களைக் குறுக்கே இணைக்கும் கிராஸ் ஃபிரேம்களின் இடைவெளியை 5 மீட்டரிலிருந்து 7 ஆக்கினால் எஃகு மிச்சமாகுமே?

பதில் (எஃகுப்பட்டறை):
போதாது. 45/150 = 0.30 ரேடியன். வளைவைப் புறக்கணிக்க 0.06-க்குள் இருக்க வேண்டும். சாதாரண கிரிட் மாடலிலும் (பாலத்தைக் கம்பி வலை போல எளிமையாக்கும் கணக்கு) கவனம்: வார்ப்பிங் விறைப்பை (முறுக்கும்போது ஃபிளேஞ்சுகள் பக்கவாட்டில் வளைய மறுப்பதால் வரும் விறைப்பு) விட்டுவிட்டால் ஐ-கர்டர் முறுக்கத்தில் மெழுகு மாதிரி ஆகிவிடும், தொய்வு மிகையாக வரும்.

பதில் (ஃபிளேஞ்ச்):
7 மீ வேண்டாம் சார். ஃபிளேஞ்சின் (கர்டரின் மேல், கீழ் கிடைத்தட்டு) பக்கவாட்டு மொமென்ட் (வளைக்கும் விசைத்திருப்பம்) தோராயமாக கர்டரின் செங்குத்து மொமென்ட் × இடைவெளி² ÷ (10 × ஆரம் × ஆழம்). கான்கிரீட் ஊற்றும்போது செங்குத்து மொமென்ட் 6000 கி.நி.மீ. (கிலோநியூட்டன் மீட்டர்) என்று வைத்தால், பக்கவாட்டு மொமென்ட் 5 மீட்டருக்கு 50, 7 மீட்டருக்கு 98 கி.நி.மீ. 500×40 மி.மீ. ஃபிளேஞ்சில் அழுத்தம் 30-லிருந்து 59 மெகாபாஸ்கல். அமுக்க ஃபிளேஞ்சில் இதன் மூன்றிலொரு பங்கு செங்குத்து வளைவு அழுத்தத்தோடு சேரும். ஆறு ஃபிரேம் மிச்சம், ஆனால் ஃபிளேஞ்ச் தடிமன் கூடும். லாபமில்லை.

பதில் (எரெக்‌ஷன்காரன்):
இங்கே கிராஸ் ஃபிரேம் முதன்மை உறுப்பு. போல்ட் முழுசாக முறுக்காமல் கிரேனை விடுவிக்கக் கூடாது. ஒற்றை வளைந்த கர்டர் தானே உருளும். ஜோடியாக ஏற்றுங்கள். உள்வளைவுப் பக்கப் பேரிங்கில் (கர்டர் உட்காரும் தாங்கி) மேல்தூக்கு வருகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். ஃபிரேம் எந்தச் சுமை நிலையில் பொருந்த வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் சைட்டில் ஓட்டைகள் சேராது.