என்செனாதாவில் மீன் சாப்பிடப் போகிறோம், அம்மாவும் வருகிறார்கள். எங்கே, என்ன, எப்படி?

துறைமுகத்தான்:

வணக்கம். சான் டியேகோவில் இருக்கிறேன். அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் தலையும் இல்லாமல் தோலும் இல்லாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருக்கும் மீனைப் பார்த்ததிலிருந்து "இது எப்போ செத்ததோ, யார் கண்டா" என்று சொல்லிச் சொல்லியே மீன் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் மே கடைசியில் மெக்சிகோ பக்கம் என்செனாதாவுக்கு ஒரு நாள் காரில் போய்விட்டு வரலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். துறைமுக ஊர், மீன் மார்க்கெட் இருக்கிறது, மீன் டாக்கோ (ரொட்டியில் மீனை வைத்து மடித்துத் தருவது) அங்கேதான் பிறந்தது என்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் தெரியும்.

கேள்விகள்: மார்க்கெட்டில் சாப்பிடுவதா, ரெஸ்டாரண்டா, தள்ளுவண்டியா? சிங்கி இறால் அங்கே பிரபலம் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார், அதற்காகத் தனியாக ஒரு இடத்துக்குப் போகலாமா? அம்மா மாடும் பன்றியும் தொட மாட்டார்கள், அதில் ஏதாவது சிக்கல் வருமா? பச்சையாகச் சாப்பிடும் ஐட்டங்களை நம்பலாமா? அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை இருக்கிறது. அப்புறம் விசா, கார் விஷயமும் யாராவது சொன்னால் நல்லது.

பாஹா_பாண்டி:

நான் பத்துப் பன்னிரண்டு தடவையாவது போயிருப்பேன். விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மார்க்கெட். கடற்கரை நடைபாதையை ஒட்டி இருக்கிறது, ஊரில் எல்லோரும் மெர்காடோ நெக்ரோ, அதாவது கருப்புச் சந்தை என்பார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உள்ளே வெள்ளை டைல்ஸ், ஐஸ் மேல் மீன், அவ்வளவுதான். நம் ஊர் ஏலக்கூடம் அளவுக்குப் பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அரை மணி நேரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிடலாம். ஆனால் தலையோடு, கண்ணோடு, செவுளோடு மீன் கிடக்கும். அம்மாவுக்கு அதுவே போதும். சியெர்ரா என்று எழுதியிருந்தால் அதைக் காட்டுங்கள். அது நம் சீலாவுக்கு, அதாவது வஞ்சிரத்துக்கு, ஒன்றுவிட்ட தம்பி, ஒரே குடும்பம், உடம்பில் மட்டும் மஞ்சள் புள்ளி இருக்கும். புகை போட்ட சூரையும் மார்லினும் கட்டி கட்டியாக விற்பார்கள், நம் மாசிக் கருவாடு மாதிரி கல்லாக இருக்காது, மெத்தென்று இருக்கும், ஒரு துண்டு ருசி பார்க்கத் தருவார்கள்.

மார்க்கெட்டைச் சுற்றி வரிசையாக டாக்கோ கடைகள். வாசலில் ஆள் நின்று மெனு அட்டையோடு மறித்து மறித்துக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற கடையில் சாப்பாடு மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் உள்ளூர்க்காரர்கள் நான்கு தெரு உள்ளே, ஃபுட்பாத்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மீன் டாக்கோ எங்கே பிறந்தது என்பதற்கு சான் ஃபெலிப்பே என்ற இன்னொரு மெக்சிகோ ஊரும் என்செனாதாவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன, அதை விடுங்கள். மாவில் முக்கிப் பொரித்த மீன், சோள டார்ட்டியா (மெல்லிய ரொட்டி), நறுக்கிய முட்டைக்கோஸ், மயோனைஸ் கலந்த கிரீம், தக்காளி வெங்காயம். மீன் பெரும்பாலும் சுறா வகை, பலகையில் கசோன் என்றோ ஆங்ஹெலிதோ என்றோ இருக்கும். ஆறினால் ஒன்றுமில்லை, எண்ணெயிலிருந்து எடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டும். அதனால் ஒன்று ஒன்றாக ஆர்டர் செய்யுங்கள், மொத்தமாக ஆறு வாங்கி மேஜையில் பரப்பாதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஊரின் உயிர் டாக்கோவில் இல்லை, தள்ளுவண்டியில்தான் இருக்கிறது. லா கெர்ரெரென்ஸே என்று ஒரு வண்டி, முதல் தெருவும் அல்வரதோவும் சந்திக்கும் முனையில். சபினா பந்தேரா என்ற அம்மையார் நடத்தி உலகப் பெயர் வாங்கியது. மொறுமொறு சோளத்தட்டு மேல் குளிர்ந்த மட்டி, கணவாய், கடல் முள்ளெலி என்று குவித்துக் கொடுப்பார்கள், அதுதான் தோஸ்தாதா. முள்ளெலியை எரிஸோ என்பார்கள், முள்ளுப்பந்துக்குள் இருக்கிற மஞ்சள் நாக்கு மாதிரியான பகுதி, அதில் பெரும்பங்கு ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது, நமக்கு மிச்சம் வண்டியில் கிடைக்கிறது. எண்ணெயில் மிதக்கும் வேர்க்கடலை மிளகாய்ச் சால்சா ஒன்று வைத்திருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, முக்கியமான விஷயம்: இதெல்லாம் காலை விவகாரம். பத்து பதினொன்றுக்குப் போனால் எல்லாம் இருக்கும், சாயங்காலம் வண்டியே இருக்காது. அங்கே மாரிஸ்கோஸ், அதாவது கடல் உணவு, என்பது பகல் சாப்பாடு, முந்தின இரவு கொஞ்சம் அதிகமாகிப்போனவர்கள் தலைவலிக்கு மருந்தாகவும் வந்து நிற்பார்கள். கப்பல் பயணிகள் இறங்கும் நாளில் முதல் தெருவே திருவிழாக்கூட்டம், அதற்கும் முந்திக்கொள்ளுங்கள்.

மே மாதம் சிங்கி இறாலுக்காகத் தனியாகப் போவதா? வேண்டாம். கீழே யாராவது விளக்கமாகச் சொல்வார்கள், எனக்குக் கை வலிக்கிறது.

செவுள்_சிவப்பு:

பாண்டி அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

அந்தக் கடலில் சிங்கி இறால் பிடிக்கப் பிப்ரவரி 16-லிருந்து செப்டம்பர் 15 வரை தடை. வேதா என்பார்கள், நம் ஊர் மீன்பிடித் தடைக்காலம் மாதிரிதான். ரொசாரித்தோவுக்குத் தெற்கே புவெர்த்தோ நுவெவோ என்று ஒரு சின்ன ஊரே சிங்கி இறாலை நம்பித்தான் இருக்கிறது, இரண்டாகப் பிளந்து பொரித்து, பீன்ஸ், சோறு, கோதுமை டார்ட்டியாவோடு தருவார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் மே மாதம் தட்டில் வருவது ஃப்ரீசரில் இருந்து வருவது. இறாலும் அப்படித்தான். மெக்சிகோவின் பசிபிக் பக்கம் கோடையில் கடல் இறாலுக்குத் தடை, அந்த மாதங்களில் கிடைப்பது வளர்ப்பு இறால் அல்லது உறைய வைத்தது. துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்காக எல்லாமே அந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. என்செனாதாவில் உண்மையிலேயே பக்கத்திலிருந்து வருவது சிப்பி வகைகள்: சான் கின்தீன் வளைகுடாவில் வளர்க்கும் ஒஸ்தியோன் என்ற சிப்பி, தோதோஸ் சாந்தோஸ் வளைகுடாவில் கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் கல்லுமக்காய். பழுப்பு ஓட்டு மட்டி ஒன்றும் பார்ப்பீர்கள், அல்மேஹா சோகோலாதா என்று பெயர், சாக்லேட் ருசி இல்லை, நிறம்தான். உட்கார்ந்ததும் மெனுவைத் திறக்காதீர்கள், "கே யெகோ ஓய்" என்று கேளுங்கள், இன்றைக்கு என்ன வந்தது என்று அர்த்தம். இந்த ஒரு கேள்வியில் கடைக்காரர் முகமே மாறும்.

பன்றி விஷயம் சிக்கல்தான், கேட்டது நல்லதாயிற்று. பழைய டாக்கோ கடைகள் பலவற்றில் மன்தேகாவில் பொரிப்பார்கள், அது பன்றிக் கொழுப்பு. மசித்த பீன்ஸிலும் கோதுமை டார்ட்டியாவிலும்கூட அது இருக்கலாம். "அசெய்தே ஓ மன்தேகா?" என்று கேளுங்கள், அசெய்தே என்றால் எண்ணெய். சோள டார்ட்டியா பிரச்சினையில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு ரெஸ்டாரண்டில் (பேர் வேண்டாம்) முழு மீன் பொரித்தது கேட்டேன். மெனுவில் ஒரு விலை. பில்லில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மெனுவில் இருந்தது கிலோ விலையாம், எனக்கு வந்த மீன் இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட. சண்டை போடலாமென்றால் எனக்கு ஸ்பானிஷ் வராது, மீன் முள்ளும் தட்டில் மிச்சமில்லை. அதிலிருந்து மீனைச் சமைக்கும் முன்னே கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன், எடையும் விலையும் தாளில் எழுதித் தரச் சொல்கிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை. டாலரில் கொடுத்தால் அவர்கள் சொல்வதுதான் ரேட், பெசோ கையில் இருக்கட்டும்.

மருந்துச்சீட்டு:

பச்சை ஐட்டம் பற்றி யாரும் பேசவில்லை. சகோதரரே, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள், பச்சைச் சிப்பி, பச்சை மட்டி இரண்டும் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறில் மீன் வெள்ளையாகிவிட்டால் வெந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், சதை இறுகுகிறதே தவிரக் கிருமி சாகாது. வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ கிருமி ஆரோக்கியமான ஆளை இரண்டு நாள் படுக்கவைக்கும், சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம். கர்ப்பிணிகளுக்கும் இதே பேச்சுதான். செந்நீர் அலை என்று ஒன்று உண்டு, மரேயா ரோஹா, அது வந்தால் சிப்பியில் நஞ்சு ஏறும், அதை வேகவைத்தாலும் போகாது. சுகாதாரத் துறை அப்போது தடை போடும், போவதற்கு முன் செய்தி பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு "பியென் கொசீதோ" என்று சொல்லி நன்றாக வேகவைத்ததாகக் கேளுங்கள். பூண்டில் வதக்கிய மீன் (அல் மோஹோ தெ ஆஹோ) நம் நாக்குக்கு ஒத்துவரும். தியாப்லா என்று எழுதியிருந்தால் காரம், ஆனால் நம்மை மிரட்டும் காரமில்லை.

பாஹா_பாண்டி:

அக்கா சொல்வது சரி. நான் சாப்பிடுவேன், ஆனால் என் மாமியாருக்குக் கொடுக்கமாட்டேன்.

ஒரு வேடிக்கை: மளிகைக்கடை வாசலில் "கவாமா" என்று பலகை பார்த்தால் அதிர வேண்டாம். கவாமா என்றால் கடல் ஆமை. அதைப் பிடிப்பது, விற்பது எல்லாம் 1990-லேயே தடை. பலகையில் இருப்பது பெரிய பீர் பாட்டில், அதற்கும் அதே பேர்தான். அதே மாதிரி கவமந்தா சூப் என்று சில இடங்களில் இருக்கும், ஆமை தடையான பிறகு அதே மசாலாவில் திருக்கை போட்டு வைப்பது. தூத்துக்குடி அம்மாவுக்குத் திருக்கை புதிதா என்ன, அதைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லைக்கோடு:

விசா: அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, அம்மாவின் டூரிஸ்ட் விசாவும் அதில் சேர்த்தி. ஆனால் திரும்பி வரவும் அதே விசாதான் வேண்டும், மல்டிபிள் என்ட்ரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையில் குடிவரவு அலுவலகத்தில் நிறுத்திப் பதிவு செய்துவிட்டுப் போங்கள், யாரும் தடுக்கவில்லை என்று நேராக ஓட்டிவிடாதீர்கள். அமெரிக்கக் கார் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது, மெக்சிகன் இன்சூரன்ஸ் ஒரு நாளுக்கு வாங்கலாம். டோல் ரோடில் மூன்று டோல், ஒன்றரை மணி நேரம், கடல் வலப்பக்கமாகவே வரும். மெமோரியல் டே (மே கடைசித் திங்கள், அமெரிக்க விடுமுறை) வார இறுதியைத் தவிர்க்கவும். ஞாயிறு சாயங்காலம் திரும்பினால் சான் இசித்ரோ எல்லைச் சாவடி க்யூவில் மூன்று மணி நேரம் நிற்பீர்கள்.

துறைமுகத்தான்:

போய்விட்டு வந்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி, மெமோரியல் டேக்கு முந்தின வியாழன் லீவு போட்டுப் போனோம்.

மார்க்கெட்டில் அம்மா செய்த கூத்துதான் பெரிய கதை. மூன்றாவது கடையில் நின்று, கேட்காமல் கொள்ளாமல் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. கடையிலிருந்த அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயது, அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மீனை எடுத்து அதன் வயிற்றை விரலால் அமுக்கிக் காட்டினார், குழி விழாமல் எழும்பியது. அம்மா தலையாட்டினார்கள். அப்புறம் இருவரும் பத்து நிமிஷம், ஒருவர் தமிழ், ஒருவர் ஸ்பானிஷ், நடுவில் நான் எதற்கும் தேவைப்படவில்லை. சியெர்ராவைப் பார்த்ததும் "எல, இது நம்ம சீலால்லா" என்று சத்தமே போட்டுவிட்டார்கள்.

தள்ளுவண்டியில் மனைவி சோகோலாதா மட்டி கேட்டாள். ஓட்டைத் திறந்து அப்படியே கொடுத்தார்கள், எலுமிச்சை பிழிந்ததும் சதை சுருங்கி ஓரம் ஒரு துடி துடித்தது. நான் பின்வாங்கிவிட்டேன். அவள் சாப்பிட்டாள், உப்புத்தண்ணீரில் இனிப்பு கலந்த மாதிரி இருக்கிறது என்றாள். அக்கா சொன்னபடி அம்மாவுக்குத் தரவில்லை. அவர்களும் கேட்கவில்லை, "உயிரோட இருக்குதுல்லா பாவம்" என்று மட்டும் சொன்னார்கள்.

டாக்கோவுக்கு முதல் கடையில் மன்தேகா என்று நேர்மையாகவே சொன்னார்கள், இரண்டாவது கடையில் எண்ணெய். அம்மா மூன்று சாப்பிட்டார்கள், முட்டைக்கோஸை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு. சுறா என்று சொன்னேன், புட்டு செய்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தீர்ப்பு. கவமந்தா இரண்டு இடத்தில் கேட்டும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. முழு மீனுக்கு எடையைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது க்யூவில் ஒன்றரை மணி நேரம். ஐஸ் பெட்டி கொண்டு வராதது என் தப்பு என்று அதில் முக்கால் மணி நேரம் திட்டு. சிங்கி இறால் ஏன் வாங்கித் தரவில்லை என்று கேட்டதற்குத் தடைக்காலத் தேதியைச் சொன்னேன். அம்மாவின் ஊர் திரும்பும் டிக்கெட் செப்டம்பர் 19. தடை முடிவது 15. வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து 16, 17, 18 மூன்றையும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.