எலும்பு செக்ஷன்ல (மெல்லிய சீவல்) நியூக்ளியஸ் நீலமே ஏறல, வேற டீகால் (சுண்ணாம்பு நீக்குற) திரவம் சொல்லுங்க

பாரஃபின்பெட்டி:
அவசரம். எச் அண்ட் ஈ சாயம் (ஹீமடாக்சிலின் நியூக்ளியஸை நீலமாக்கும், ஈயோசின் மத்ததை ரோஸாக்கும்) போட்டா எல்லாமே ஒரே ரோஸ். ஹீமடாக்சிலின் புதுசு, மற்ற திசுக்களுக்கு நல்லாவே ஏறுது. இன்னொரு துண்டு காத்திருக்கு. எந்த அமிலத்துக்கு மாறலாம்?

கத்திவிளிம்பு:
இப்ப எந்த அமிலம், எத்தனை சதவீதம்? எவ்வளவு நேரம் ஊறுச்சு? துண்டு எத்தனை மிமீ? திசு கெடாம நிலைப்பட ஃபார்மலின்ல எத்தனை நாள்?

நீலப்பூச்சு:
அமிலத்தைக் கழுவாம விட்டிருப்பீங்க. ஓடுற தண்ணியில நல்லா கழுவி, செக்ஷனை நீலமாக்குற படியில கூடுதல் நேரம் வைங்க.

பாரஃபின்பெட்டி:
நைட்ரிக் 5%. வெள்ளி மதியம் போட்டு திங்கள் காலையில எடுத்தேன். 4 மிமீ. ஃபார்மலின் ஒரு ராத்திரி. கழுவினேன்.

திசுக்காரர்:
இதை எல்லாம் முதல் பதிவிலேயே எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது? கழுவுறதுல கோளாறு இல்ல. வார இறுதி முழுக்க நைட்ரிக்ல கிடந்தா டிஎன்ஏ சிதைஞ்சுடும், அப்புறம் ஹீமடாக்சிலின் எதைப் பிடிக்கும்? ஃபார்மலின் நேரமும் பத்தாது. சரியா நிலைப்படாத திசுவை அமிலம் இன்னும் வேகமா கெடுக்கும். எலும்புக்குக் குறைஞ்சது 48 மணி நேரம் கொடுங்க.

புது துண்டை 3 மிமீக்கு அறுத்து, 10% ஃபார்மிக் அமிலத்துல, துண்டைப் போல 20 மடங்கு திரவத்துல, துணியில கட்டித் தொங்க விடுங்க. அடியில கிடந்தா ஒரு பக்கம் கரையாது. தினமும் மாத்துங்க.

சுண்ணம்:
அவசரம்னா 60 டிகிரி அவன்ல வைங்க, சீக்கிரம் முடியும்.

கத்திவிளிம்பு:
வேண்டவே வேண்டாம். சூட்டுல சுண்ணாம்பு வேகமா கரையும், திசுவும் அதே வேகத்துல வீங்கி உதிரும். அறை வெப்பத்துலயே மெதுவா ஆட்டுங்க.

மஜ்ஜை:
எதுக்கு அமிலம்? 14% இடிடிஏ (கால்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற கரைசல்), பிஎச் 7.4. நியூக்ளியஸ் அப்படியே நிக்கும், டிஎன்ஏ சோதனைக்கும் பிளாக் (மெழுகுல பதிச்ச திசு) உதவும்.

திசுக்காரர்:
மஜ்ஜை ஊசித் துண்டுக்கு அது சரி. 4 மிமீ கெட்டி எலும்புக்கு வாரக்கணக்காகும். கேட்டவர் அவசரம்னு சொல்றார்.

மஜ்ஜை:
அவசரத்துக்காக மூலக்கூறு சோதனையையே இழக்கணுமா? அது தேவையான்னு முதல்ல கேளுங்க.

கத்திவிளிம்பு:
எதை எடுத்தாலும் சுண்ணாம்பு முழுசாப் போன கடைசிக் கட்டத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஊசியால குத்தியும் பார்க்க வேணாம், அந்த ஓட்டை செக்ஷன்ல தெரியும். எக்ஸ்ரே இருந்தா அதுதான் நிச்சயம். இல்லன்னா துண்டு சில மணி நேரம் ஊறின அமிலம் 5 மிலி எடுத்து, லிட்மஸ் நீலமாகுற வரை அம்மோனியா சொட்டு விடுங்க. அப்பவே கலங்கினா கால்சியம் நிறைய இருக்கு. கலங்கலன்னா 5 மிலி நிறைவுற்ற அம்மோனியம் ஆக்சலேட் ஊத்தி அரை மணி பாருங்க. தெளிவா நின்னா முடிஞ்சது, அதுக்கு மேல ஒரு நாளும் ஊற விடாதீங்க. இடிடிஏ திரவத்துக்கு இது இப்படியே செல்லாது, அது கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

நீலப்பூச்சு:
வான் கோசா (எலும்புல சுண்ணாம்பைக் காட்டுற சாயம்) போடுற எண்ணம் இருந்தா டீகால் பண்ணவே கூடாது.

பாரஃபின்பெட்டி:
டிஎன்ஏ சோதனை இல்லை. பழைய பிளாக்ல ஹீமடாக்சிலின் நேரத்தை ரெண்டு மடங்காக்கினேன், லேசா நீலம் வந்துச்சு. புதுசு 48 மணி ஃபார்மலின் முடிச்சு ஃபார்மிக்ல இருக்கு. இன்னிக்கு ஆக்சலேட் இன்னும் கலங்குது. மாத்திட்டேன்.